முழங்காலில் ஒன்றுமில்லை

பொடிசு என்று வீட்டில் கூப்பிடும் மகளுக்குப் பதினோரு வயது. பார்ப்பவர்கள் ஏழு என்பார்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று தெரிந்ததிலிருந்து தினமும் தொடையில் ஊசி. போடுவது அப்பா. அம்மா வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போன்களை எடுப்பவள். நாள் முழுக்க ஊரார் திட்டை வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், யாரும் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்றிருக்கும்.

ஊசி வேலை செய்தது. சட்டைக் கை ஏறியது, ஷூ கடித்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் பொடிசு நடக்கும்போது காலை இழுப்பதை அம்மா கவனித்தாள்.

"முட்டி வலிக்குதா?"

"லேசா."

"வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்," என்றார் அப்பா.

ஊசி எழுதிக்கொடுத்த கிளினிக்குக்கு அம்மா போன் செய்தாள். முட்டி வலிக்கெல்லாம் குடும்ப டாக்டரைப் பாருங்கள் என்றாள் போனை எடுத்த பெண். குடும்ப டாக்டர் முழங்காலை எக்ஸ்ரே படமெடுத்து, ஒன்றுமில்லை, வலி ஊசியாலா என்று கிளினிக்கில்தான் கேட்க வேண்டும் என்றார். மறுபடி போன்.

"படம் நார்மல்தானே மேடம்? அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அந்தக் குரல் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவள் பேசுவதே அந்தக் குரலில்தான்.

"நீ போன் மேல போன் போட்டு ஊசிய நிறுத்த வச்சிராத. அவ இப்படியே நின்னுடுவா," என்றார் அப்பா.

"நடக்க முடியாத உயரத்த வச்சுக்கிட்டு என்ன பண்றதாம்?"

அன்று ராத்திரியும் அப்பா ஊசி போட்டார்.

ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிய பொடிசு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால் ஊன்ற முடியவில்லை; பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனாள்.

"அப்பாயின்ட்மென்ட் இல்லாம பாக்க மாட்டாங்க," என்றாள் போன் எடுக்கிற பெண்.

"பாக்க வேண்டாம். நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்."

வெளியே வந்த டாக்டரின் கண் அந்தப் பாதத்தில் நின்றது. முழங்காலை அவர் தொடவே இல்லை. பொடிசைப் படுக்கவைத்து, தொடையை மெதுவாக மடக்கப் பார்த்தார். அவள் அலறினாள்.

"இடுப்ப யாரும் படம் எடுக்கலையா?"

"முட்டி வலிக்குதுன்னுதானே சொன்னா."

"இடுப்புல கோளாறுன்னாலும் சில சமயம் முட்டியிலதான் வலி தெரியும். வேகமா வளரும்போது தொடை எலும்போட மேல் உருண்டை நழுவலாம். இந்த ஊசி போடுற பிள்ளைங்களுக்கு அபூர்வமா வரும்."

"ஆரம்பிக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்போம்மா."

சொன்னார்களோ என்னவோ, அவளுக்கு நினைவில்லை. போன் எடுக்கிற பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஸ்க்ரூ போட்டார்கள். நல்லவேளை, ரொம்ப நழுவவில்லை, நடந்துவிடுவாள் என்றார்கள். ஊசியை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். மறுபடி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா வராந்தாவில் போய் நின்றுகொண்டார்.

பொடிசு சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்துடி வலிக்குது?"

"லீவுக்கு முன்னாடிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. இப்ப நிறுத்திட்டீங்கல்ல?"

யார் மேல் கோபப்படுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் போகாமல் கிடந்தது.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

"அப்பாவக் கூப்பிடவா?"

"வேண்டாம்."

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "முதுகு வலிக்குது. தூக்கிப் புடி."

அம்மா இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தாள்.