பக்ருதீனின் முதல் வாய்

1

இந்தக் கதை ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி எடுத்தது மட்டும்தான் என் வேலை.

திண்டுக்கல்லில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்கு அண்டா கேட்டுப் போயிருந்தேன். (அண்டா எதற்கு என்பது வேறு கதை. அது இதைவிட மோசம்.) சுவரில் ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்கள். மேலே மாதா படம் போட்டது. அதைத் தூக்கினால் அடியில் பிறை போட்டது.

"ஏங்க ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஆணிதான இருக்கு" என்றார் கடைக்காரர்.

அண்டாவை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒருவர் மேலே இருக்கிற காலண்டரைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டு, அடியில் இருக்கிற காலண்டரில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மீதி எல்லாம் புளுகு. ஆனால் பொறுப்பான புளுகு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "இளவேனில் தன் பொன்னிறக் கைகளால் வயல்வெளிகளைத் தழுவிய அந்த இனிய..."

அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்து வசந்தம் யாரையும் தழுவாது. சித்திரை பிறந்தால் வேப்பம்பூ உதிர்ந்து குழம்பில் விழும். தெரிந்தவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள், தெரியாதவர்கள் சீரகம் என்று நினைத்துச் சாப்பிடுவார்கள். வசந்தம் அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "1957ஆம் வருடம் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, பகல் சுமார் ஒரு மணிக்கு." போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், தேதி நமக்குத் தேவை.

அகரத்துக்குத் தெற்கே, திண்டுக்கல் டவுனிலிருந்து ஏழு மைலில், ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊர். மேற்கே கரடு என்கிற மொட்டைக் குன்று, நடுவில் மாதா கோவில், கோவிலுக்கு முன்னால் நான்கு வேம்பு. தவக்காலம் நாற்பது நாளும் கறி வாசம் தெரியாமல் இருந்துவிட்டு, ஈஸ்டருக்கு மறுநாள் ஊரே அந்த வேம்படியில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும். வீட்டுக்கு ஒரு படி அரிசி, தெருவுக்கு ஓர் ஆடு. சமையலுக்கு டவுனிலிருந்து பக்ருதீன் பாய் வருவார்.

அந்தப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் இலை சமையல்காரருக்கு. அவர் ஒரு வாய் சாப்பிட்டு இறக்கிய பிறகுதான் மற்ற இலைகளுக்குச் சோறு வரும். இலை முன்னால் உட்கார்ந்த யாரும் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அந்த வருடம் மழை எழுந்து போய்விடும்.*

* எப்போதோ ஒரு சமையல்காரர் ஈயம் பூசாத செம்பு அண்டாவில் புளிக்குழம்பு காய்ச்சி ஊரையே வாந்தி எடுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் ஒரு வாயும் சாப்பிடாமல் தப்பித்து ஓடினாராம். சட்டம் அன்றைக்கு வந்தது. மழைச் சங்கதி யார் சேர்த்தது என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

3

பக்ருதீனுக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு ரமலானிலும் அவர் முப்பது நோன்பும் முழுதாகப் பிடித்ததில்லை. காரணம் அவருடைய நாக்கு. சமையல்காரன் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துவிட்டுத் துப்பிக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜரத் சலுகை கொடுத்திருந்தார். ஆனால் பக்ருதீனின் நாக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற நாக்கு இல்லை. வருடா வருடம் ஐந்தாம் நோன்பிலோ எட்டாம் நோன்பிலோ ஏதோ ஒரு தால்சா அவரைக் கவிழ்த்துவிடும். அவர் மனைவி ஜெய்தூன் பீவி, "ஒங்களுக்கு நோன்பு வாய்க்கு வெளியதாங்க நிக்கிது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்வதையும் விட்டுவிட்டாள். அவள் சொல்வதை விட்டதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வருடம் உப்பை மூக்காலேயே பார்த்துச் சமைத்தார். இருபது நோன்பு முடிந்துவிட்டது. இன்றைக்கு இருபத்தொன்று.

தை மாதம் ஊர் நாட்டாண்மை மிக்கேல்ராஜ் வெற்றிலை பாக்கோடு வந்து தேதி சொன்னபோது, பக்ருதீன் தன் கடையில், அதே மாதிரி ஒரே ஆணியில் தொங்கிய இரண்டில் மேல் காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அடியில் இருந்த பிறைக் காலண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை. தனக்கு நோன்பு என்பதை ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று பந்தியன்று காலையில் நினைத்தார். நான்கு மணங்கு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் மறந்துபோனார்.

பன்னிரண்டரைக்குக் கறிக்குழம்பு இறங்கியது. வாசம் கரடு வரைக்கும் போய்த் திரும்பியது. இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். இலைகளில் தண்ணீர் தெளித்து ஓரத்தில் உப்பு வைத்தார்கள். சிலுவை போட்டு செபம் சொன்னார்கள். பக்ருதீன் பழக்கத்தில் முதல் இலைக்குப் போய் உட்கார்ந்தார். பழக்கத்தில் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், தூக்கினார்.

கவளம் மூக்குக்கு நேரே வந்தபோது நோன்பு ஞாபகம் வந்தது.

உருண்டையை இலையில் திரும்ப வைத்தார். இருநூறு பேரும் பார்த்தார்கள். பாய் தான் சமைத்ததைத் தானே சாப்பிட மாட்டேன் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? செம்பு அண்டாக் கதையை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

"அய்யோ, கொழம்புல ஒண்ணுமில்ல" என்றார் பக்ருதீன். "எனக்கு நோன்பு. பொழுது அடையிற வரைக்கும் பச்சத்தண்ணி கூடப் பல்லுல படக் கூடாது."

"மணி ஒண்ணுதான் ஆகுது பாய்" என்றார் மிக்கேல்ராஜ், ஏதோ அது பாய்க்குத் தெரியாதது போல. "ஒரே ஒரு வாய் வச்சிருங்க. டவுன்ல யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே நாட்டாமை."

வேறு ஆளைப் பிடித்தார்கள். மசால் அரைத்த பேச்சாயியை முதல் வாய் சாப்பிடச் சொன்னார்கள். "நான் அரைச்சேன், சமைக்கல" என்றாள் அவள். "உப்புப் பார்க்காத கொழம்பு. நான் வாய வச்சா, கரிச்சாலும் சப்புன்னு இருந்தாலும் எந் தலையில விடியும்."

பக்ருதீனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. நாற்பது நாள் காத்திருந்த சனங்களுக்கு முன்னால் கறியைக் காய்ச்சி வைத்துவிட்டுக் குறுக்கே படுத்த ஆளாகிவிட்டோமே என்று இருந்தது. கவளத்தைப் பார்த்தார். அது ஒரு நல்ல கவளம்.

4

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். பசித்த பிள்ளைகளைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. எழுதினேன்:

"சூரியன் கரட்டுக்குப் பின்னால் மறைந்தது. வானம் சிவந்தது."

முடிந்ததல்லவா? ஒரு வரிதான். ஆனால் பந்தியின் நடுவிலிருந்து இஞ்ஞாசியம்மாள் நிமிர்ந்தாள். சொந்தமாகப் பத்துக் குழி நிலத்தில் கத்தரிக்காய் போட்டுச் சந்தைக்குத் தானே சுமந்து போகிறவள், ஊரில் கடைசிப் பேச்சு அவளுடையது.

"ஏலே எழுதுறவனே" என்றாள் என்னைப் பார்த்து. "எந் நெழலு எங் காலுக்கடியில கெடக்கு. பொழுது எங்கிட்டு அடைஞ்சுச்சு?"

பக்ருதீன் மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க எழுதின பொழுதுக்கு நோன்பு தொறந்தா, எழுதின நோன்பாத்தானங்க போகும்?"

அந்த வரியை அடித்தேன். வேறு வழி பார்த்தேன். நெடும்பயணம் போகிறவர்களுக்கு நோன்பில் விலக்கு உண்டு. ஏழு மைல் நெடும்பயணம் ஆகாது. சரி, ஊரை நாற்பத்தெட்டு மைல் தள்ளி வைத்துவிடுகிறேன், பழனியையும் தாண்டி, ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்றேன்.

"கெணறு வருமா?" என்று கேட்டார் மிக்கேல்ராஜ்.

"எழுதினால் வரும்."

"ஊத்து வருமா?"

எண்ணைப் பழையபடி ஏழாக்கினேன்.

கடைசியாக ஒன்று இருந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நோன்பை மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. "கவளம் மூக்குக்கு நேரே வந்தபோது" என்று எழுதினேனே, அதை "கவளம் தொண்டைக்குள் இறங்கியபோது" என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. அவருக்கு நோன்பும் நிற்கும், ஊருக்குச் சோறும் கிடைக்கும், நானும் அண்டா வாங்கப் போயிருப்பேன். ஒரு சாண் உயரத்தில் அவசரப்பட்டுவிட்டேன். இப்போது அடித்துவிட்டுத் திருத்தலாமா என்று பக்ருதீனிடமே கேட்டேன்.

அவர் கவளத்தை இன்னொரு முறை பார்த்தார். ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"வேணாங்க" என்றார். "ஞாபகம் வந்தது வந்ததுதான். நீங்க அடிச்சிருவீக. நான் எதை வச்சு அடிப்பேன்?"

5

(இந்தப் பகுதியில் மிக்கேல்ராஜ் பங்குச் சாமியாரைக் கேட்டு வரச் சைக்கிளில் ஆள் அனுப்பினார். சாமியார், "இது சபைச் சட்டம் இல்லை, உங்கள் சட்டம், உங்கள் பாடு" என்று சொல்லிவிட்டார். மூன்று பக்கம் வந்தது. எடுத்துவிட்டேன். ஆளையும் சைக்கிளையும் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.)

6

இஞ்ஞாசியம்மாள்தான் முடித்து வைத்தாள். அதாவது, நீட்டி வைத்தாள்.

"நாப்பது நாளு தவசு இருந்தோம். இன்னும் அஞ்சரை மணி நேரம் இருந்தா செத்தா போயிருவோம்? பச்சப் பிள்ளைகளுக்கு மோரு குடுங்க. மத்தவுக இலைய விட்டு எந்திரிக்காதீக. பாயும் நம்மளும் ஒண்ணாச் சாப்பிடுவோம்."

"வேணாங்க்கா, என்னால ஊரு பட்டினி கெடக்கக் கூடாது" என்றார் பக்ருதீன்.

"பட்டினின்னு யாரு சொன்னா? சோறு எதுக்கத்தான இருக்கு. லேட்டுன்னு சொல்லு."

அப்புறம் அந்த ஊர் செய்ததை நான் கட்டுப்படுத்தவில்லை. பரிமாற நின்றவர்கள் அண்டாக்களைத் தணலில் ஏற்றினார்கள். பக்ருதீன் வைத்த கவளத்தை ஈ மொய்க்காமல் பேச்சாயி ஒரு தட்டால் மூடி, தட்டுக்குக் காவலும் உட்கார்ந்தாள். இலைகள் வாடின, மாற்றினார்கள். மறுபடியும் வாடின. ஓர் ஆடு வந்து பதினோரு இலைகளைத் தின்றுவிட்டுப் போனது. அது அடுத்த வருடத்து ஆடு, எல்லோரும் அதன் முகத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

பக்ருதீன் தொழ வேண்டும். எழுந்தால் மழை போய்விடுமே என்று ஒருவர் முணுமுணுத்தார். "கடவுள்கிட்டப் போறது எந்திரிக்கிறதுல சேராது" என்று இஞ்ஞாசியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். அவர் கிணற்றடியில் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து வருவதற்குள், ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தபடியே இடுப்பால் நகர்ந்து நகர்ந்து அவர் மேற்கே பார்த்துத் தொழ இடம் விட்டது. இரண்டு வேளைத் தொழுகையும் அங்கேதான் நடந்தது.

மூன்று மணிக்கு மிக்கேல்ராஜுக்குத் தலை சுற்றியது. நான்கு மணிக்குப் பந்தியில் பழைய சண்டைகள் எல்லாம் பேசித் தீர்க்கப்பட்டன, பேச வேறொன்றும் இல்லாததால். ஐந்து மணிக்கு இலைகளை மூன்றாம் தடவை மாற்றினார்கள். வேப்பம்பூ மட்டும் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது. பக்ருதீன் அந்த இருநூறு பேரையும் ஒரு முறை பார்த்தார். தன் நோன்பைத் தனியாகவே தூக்க முடியாமல் இத்தனை வருடம் கீழே போட்டவர் அவர். இன்றைக்கு ஊரே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜெய்தூனிடம் இதை எப்படிச் சொல்வது, நம்புவாளா என்று யோசித்தார்.

ஆறு மணிக்குக் கோவிலில் மாலைச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. பாதிப் பேர் சோற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

"அது உங்க மணிங்க" என்றார் பக்ருதீன். "பொழுது இன்னும் கரட்டுக்குப் பின்னால நிக்கிது. மறைஞ்சிருக்கு, போகல."

பொழுது அடைந்ததைச் சொல்லும் டவுன் பள்ளிவாசலின் பாங்கு ஏழு மைல் தாண்டி இங்கே கேட்காது. கரடு மறைப்பதால் அடிவானமும் தெரியாது. ஒரு நோன்பை ஐந்தரை மணி நேரம் ஊர்கூடிக் காப்பாற்றிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் உத்தேசமாக முறித்துவிட அவருக்கு மனமில்லை. கரட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தெரிந்தவன் யாராவது சொன்னால் மணி அடித்துவிடலாம் என்று பரிமாறும் பொறுப்பால் இலையில் உட்காராத மிக்கேல்ராஜ் கோவில் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "பொழுது அடைந்தது" என்று சொல்ல வாயெடுத்தேன்.

இருநூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவன் மத்தியானமே ஒரு தடவ சொன்னவன்" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

7

ஆகவே இந்தக் கதையை முடிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இனி நான் நிஜமாகவே சூரியனை மறைத்தாலும் அந்த ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் உங்களை நம்புவார்கள். நீங்கள் அவர்களிடம் இன்னும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வெளிச்சம் இருந்தால் திரும்பி வந்து உட்காருங்கள். பந்திக் கடைசியில் ஆடு தின்ற இடத்தில் உங்களுக்கும் ஓர் இலை போட்டிருக்கிறது, உப்பும் வைத்திருக்கிறது. காலையில் படிக்கிறவர்கள் பாடு சிரமம்தான். அதற்காக இருட்டிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். பேச்சாயி தட்டை எடுத்துவிட்டாள். பக்ருதீன் கவளத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

உங்கள் ஊரில் பொழுது நிச்சயமாக அடைந்த பிறகு, சத்தமாக வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லுங்கள். மிக்கேல்ராஜ் மணி அடிப்பார். பக்ருதீன் சாப்பிடுவார். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று அதற்கு முன்னால் அவரிடம் யாரும் கேட்க வேண்டாம்.