கேரியரில் இல்லாத நாய்

ரிபேகாவுக்கு ஓட்டத் தெரியாத வண்டி அந்த வட்டாரத்தில் கிடையாது. டிராக்டர், தீவன வண்டி, சேற்றில் அச்சுவரை புதைந்தாலும் முனகிக்கொண்டே ஏறிவரும் பண்ணை மோட்டார் சைக்கிள், எல்லாம் அவள் கைக்கு அடங்கியவை. பண்ணைக்குள் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. மாடு கேட்காது. இப்போது ஷீலா கேட்டாள்.

ரிபேகாவும் மகளும் ஜெட் என்கிற நாயும் குடியிருந்த வீடு, பண்ணையோடு சேர்ந்து கைமாறிவிட்டது. வாங்கியவன் தன் ஆட்களோடு வருகிறான். ஜூன் ஒன்றாம் தேதி டரனாக்கி வட்டாரத்தில் பால்பண்ணைக்காரர்கள் எல்லோரும் இடம் மாறும் நாள். அன்றைக்கு மாடும் கட்டிலும் கோழிக்கூண்டும் லாரிகளில் ஏறிச் சாலை கொள்ளாமல் போகும். அதற்குள் அவளுக்கு ஒரு கூரை வேண்டும். மலைப்பக்கம் பெரிய பண்ணை வைத்திருந்த ஷீலா வேலை தருகிறேன் என்றாள், வீடும் தருகிறேன் என்றாள். ஆனால் ஒன்று சொன்னாள்.

"என் நிலம் மெயின் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டணும்னு கணக்கில்ல. எல் போர்டு மாட்டின ஆளை நான் அந்த ரோட்டுல விடமாட்டேன். அடுத்த படி, எல் போர்டு இல்லாம ஓட்டற அந்தக் கட்டுப்பாட்டு லைசென்ஸை எடுத்துட்டு வந்து சாவியை வாங்கிக்க. இல்லேன்னா வேற ஆள் நிக்கிறான்."

ரிபேகா கோபப்படவில்லை. ஷீலாவின் முந்தைய வேலைக்காரன் அந்த ரோட்டில்தான் காலை உடைத்துக்கொண்டான்.

மே மாதம் மாடுகள் வற்றத் தொடங்கியிருந்தன, காலையில் ஒரு கறவையோடு சரி. மதியம் முழுக்கப் பழகலாம். பழக்க வந்தவன் டமாட்டி. சித்தி மகன், அவளைவிட ஒரு வயது சின்னவன், பால் டேங்கர் ஓட்டுகிறவன். தேர்வில் அதிகாரி காரில் பின்னால் வந்து, அவள் தலைக்கவசத்துக்குள் செருகிய காதுக்கருவிவழியாக இடது, வலது என்று சொல்வார். டமாட்டி அதே மாதிரி தன் பிக்கப்பில் பின்னால் வந்து, போனில் அவள் காதுக்குள் பேசினான்.

"அன்புள்ள அம்மணி, அடுத்த சந்திப்பில் தயவுசெய்து இடப்புறம் திரும்பவும்."

"டேய், என்னடா பாதிரியார் மாதிரி பேசுற?"

"அதிகாரிங்க அப்படித்தான் பேசுவாங்க. திரும்புக்கா."

திரும்பினாள். இன்னும் நான்கு இடத்தில் திரும்பினாள். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு டமாட்டி இறங்கி வந்தான்.

"வளைவு நல்லாருக்கு, வேகம் நல்லாருக்கு. ஆனா ஒரு தடவைகூட நீ தோளுக்குப் பின்னால திரும்பிப் பாக்கல. அதுக்கே ஃபெயில் பண்ணிடுவாங்க. அப்புறம் எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் எதுக்குக் கையைத் தூக்குற?"

"எதிர்ல ஆள் வந்தா கையைத் தூக்காம? மரியாதை தெரியாதவளா நான்?"

"ஹேண்டிலை விடக் கூடாதுக்கா."

"சரி, விடல. ஆனா பின்னால என்னத்தடா பாக்கறது? மாடு முன்னால போகுது. குழி முன்னால இருக்கு. கேட் முன்னால இருக்கு. பின்னால யார் வரப்போறா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவள் அவள். புல்வெளியில் பின்னாலிருந்து வந்து யாரும் இடிப்பதில்லை.

டமாட்டி தாடையைச் சொறிந்தான். "ஆனா பண்ணைக்குள்ள நீ திரும்பிப் பாக்கறதைப் பாத்திருக்கேனே. வண்டியை வளைக்கறப்போ எல்லாம் பாப்ப."

"அது ஜெட்டுக்காக. வளைக்கறப்போ விழுந்துடுவான். கேரியர்ல இருக்கானா இல்லையான்னு பாத்துக்கணும்."

"அதேதான். ரோட்டுலயும் அவன் பின்னால உக்காந்திருக்கான்னு நெனச்சுக்க."

அந்த யோசனை வேலை செய்தது. ஜெட்டைக் கூண்டில் அடைத்துவிட்டு, அது கேரியரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினாள். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் தலை தானாகச் சுழன்றது. பின்னால் பிக்கப்பில் டமாட்டி தொடையைத் தட்டிச் சிரித்தான். "பிரமாதம்! தலை சும்மா ஆந்தை மாதிரி திரும்புது. பாஸ்தான் போ."

தேர்வு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மதியம் அவள் தனியாகக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். பண்ணை கேட் வலதுபக்கம். இண்டிகேட்டரைப் போட்டாள், வலதுபக்கம் தலையைத் திருப்பினாள், கேரியரைப் பார்த்தாள், வண்டியைச் சாய்த்தாள்.

காதைப் பிளக்கிற ஹாரன். வெள்ளை வேன் ஒன்று அவள் முழங்கையை உரசுகிற தூரத்தில் வலதுபக்கமாக முந்திக்கொண்டு பறந்தது. காற்றில் வண்டி ஆடியது. எப்படியோ நிமிர்த்தி, ஓரமாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றினாள். பையிலிருந்த ரொட்டி தெறித்து வாய்க்காலில் கிடந்தது.

மலை உச்சியைச் சுற்றி மேகம் சும்மா நின்றுகொண்டிருந்தது. ரிபேகா எஞ்சினை அணைத்துவிட்டு அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பினேனே. நன்றாகத்தானே திருப்பினேன். பிறகு இன்னொரு முறை, நின்ற இடத்திலேயே, திருப்பிப் பார்த்தாள். கண் நேராகக் கேரியர் கம்பியில் போய் விழுந்தது. கம்பியில் ஜெட்டின் நகக்கீறல்கள் தெரிந்தன. சாலை தெரியவில்லை.

மாலையில் டமாட்டியிடம் சொன்னாள்.

"நான் நாயைத்தான்டா பாத்துட்டிருந்திருக்கேன். இல்லாத நாயை."

டமாட்டிக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அதிகாரிக்குப் பின்னாலேர்ந்து உன் ஹெல்மெட்தான் தெரியும். கண்ணு எங்க போகுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நானே ஏமாந்தேனே. வெள்ளிக்கிழமை இப்படியே திருப்பிட்டு வந்துடு. வீடு கெடைக்கட்டும். அப்புறம் மெதுவாப் பழகிக்கலாம்."

ரிபேகா கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அவள் யோசிக்காமலில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. கையில் பழகியதைக் கலைத்தால், தலை திரும்புவதும் மறந்துபோகலாம். மகள் பக்கத்து அறையில் பெட்டிகளில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அடுக்குகிறாள்.

"ஷீலாவோட ரோட்டுல வேன் வராதாடா?" என்றாள்.

"வரும்."

"அப்போ அந்த அதிகாரி வந்து காப்பாத்துவாரா?"

டமாட்டி டீயைக் குடித்து முடித்து, "நாளைக்கு நான் வேற மாதிரி செய்யறேன்," என்றான்.

மறுநாள் அவன் பிக்கப்பின் முன்சீட் நிறையக் கண்டதையும் ஏற்றிக்கொண்டு வந்தான். ரிபேகா தலையைத் திருப்பும்போது ஏதாவது ஒன்றை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவான். என்னவென்று அவள் சொல்ல வேண்டும்.

"வலதுபக்கம் திரும்பு. என்ன தெரியுது?"

"கேரியர்... சனியன். மறுபடியும் கேரியர்."

"அடுத்த சந்துல. என்ன தெரியுது?"

"ஏதோ கறுப்பா."

"கறுப்பான்னா? என் மூஞ்சியும் கறுப்புதான்."

"ரப்பர் பூட்ஸ்! உன் பூட்ஸ். ஓட்டை பூட்ஸ்."

அதன்பிறகு முட்டைக்கோஸ் தெரிந்தது, கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கும் புட்டி தெரிந்தது. ஒரு தடவை வெறும் நடுவிரல் தெரிந்தது. "அதை உன் பொண்டாட்டிகிட்ட காட்டு," என்றாள். இருட்டுவதற்குள் பூட்ஸுக்குப் பின்னால் வருகிற வண்டியையும், அதற்குப் பின்னால் வருகிற சைக்கிளையும் சொல்ல ஆரம்பித்தாள்.

தேர்வு அதிகாரி லெஸ்டர் ஒல்லியான மனிதர், மழைக்கோட்டைக் கழுத்துவரை மூடியிருந்தார். அவர் பாதிரியார் மாதிரி பேசவில்லை, தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் மாதிரி பேசினார். அவள் வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "பண்ணை வண்டியா?" என்றார். "ஆமா சார், விளக்கெல்லாம் எரியும்," என்றாள். அவர் காதுக்கருவியை மாட்டிவிட்டு, தன் காரில் ஏறிக்கொண்டார். அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும், அவள் சொல்வது அவருக்குக் கேட்காது.

ஊருக்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நின்றது. ரவுண்டானாவில் முறை பார்த்துப் போனாள். ஊரைத் தாண்டி வேகச் சாலைக்கு வந்தபோது காதுக்குள், "அடுத்து வரும் பாதையில் வலதுபக்கம் திரும்புங்க," என்றது.

இண்டிகேட்டர். கண்ணாடி. தலை திரும்பியது. லெஸ்டரின் கார் தெரிந்தது. அதற்குப் பின்னால் நாய்க்கூண்டு ஏற்றிய ஒரு பச்சை பிக்கப், எதிர்த்தடத்தில் ஏறி, காரை முந்திக்கொண்டு வந்தது.

ரிபேகா சாய்க்கவில்லை. இடதுபக்கம் ஒட்டியே நேராகப் போனாள். பச்சை வண்டி அவளையும் தாண்டிப் போயிற்று. திரும்ப வேண்டிய பாதை பின்னால் போய்விட்டது. இண்டிகேட்டரை அணைத்தாள்.

காதுக்குள் சத்தமே இல்லை.

போச்சு, என்று நினைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார், திரும்பவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வீடு போச்சு. மறுபடி தேர்வுக்கு நாள் கிடைப்பதற்குள் ஜூன் பாதி ஓடியிருக்கும். ஆனாலும் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஓட்டினாள். எதிரில் ஒரு பால் டேங்கர் வந்தது. எல்லாம் போனபிறகு என்ன என்று கையைத் தூக்கினாள். டேங்கர்காரனும் தூக்கினான்.

"அடுத்த இடதுபக்கம்," என்றது காது, அதே தூக்கக் குரலில்.

திரும்பி வந்து நிறுத்தியதும் லெஸ்டர் இறங்கி வந்தார்.

"வலதுபக்கம் திரும்பச் சொன்னேன். ஏன் திரும்பல?"

"ஒரு பச்சை பிக்கப் உங்களைத் தாண்டி வந்துது சார். மேல நாய்க்கூண்டு இருந்துது."

லெஸ்டர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "கூண்டு வரைக்கும் பாத்தீங்களா?"

"நாய் இருந்துதா இல்லையான்னு தெரியல."

"அந்த ஆள் முந்தினப்போ என் வாய்லேர்ந்து வந்த வார்த்தை உங்க காதுக்கு வரக் கூடாதுன்னு மைக் பட்டனை விட்டுட்டேன்," என்றார். "பாதையைத் தவறவிடறது தப்பில்ல. திரும்பியிருந்தாதான் தப்பு. நீங்க பாஸ்." பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ஒண்ணு எழுதியிருக்கேன். ஹேண்டிலை விட்டுட்டுக் கும்பிடு போடறீங்க. அந்த டேங்கர்காரரைத் தெரியுமா?"

"யாருன்னே தெரியாது சார்."

"அதைத்தான் நெனச்சேன்," என்று சொல்லி உள்ளே போனார்.

ரிபேகா அங்கேயே நின்று ஷீலாவுக்குப் போன் செய்தாள். ஷீலா அதிகம் பேசுகிறவள் இல்லை. "சரி. சாவி பால்கொட்டகைல ஆணியில தொங்குது. வந்து எடுத்துக்க," என்று வைத்துவிட்டாள்.

கொஞ்சம் பின்னால், தெருவின் அதே ஓரத்தில், டமாட்டியின் பிக்கப் நின்றது. ரிபேகா பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, பின்பக்கம் குனிந்து, மஞ்சள் எல் போர்டைக் கழற்றத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் டமாட்டி ஹாரனை விடாமல் அழுத்தினான். ஜெட் ஜன்னல்வழியாகக் குதித்து ஓடிவந்து, பழக்கதோஷத்தில் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இறங்குடா. இது ரோடு."

அது இறங்கவில்லை. தூக்கிக்கொண்டுபோய் டமாட்டியின் பக்கத்தில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். போனின் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வலதுபக்கம் தெருவுக்குள் ஏறுவதற்குமுன் தலையைத் திருப்பினாள்.

"என்ன தெரியுது?" என்றது காதுக்குள் டமாட்டியின் குரல், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு.

"கறி அடைச்ச ரொட்டி. பாதியைத் தின்னுட்ட." இன்னும் ஒரு கணம் பார்த்தாள். "பக்கத்துல ஜெட் தலையை நீட்டுறான். மீதிப் பாதியைக் கவ்வப்போறான் பாரு."

"ஐயோ!" என்றான் டமாட்டி.

பின்னால் வேறு வண்டி இல்லை. ரிபேகா வண்டியைச் சாய்த்தாள்.