கடைசி முடிச்சு

மாசிலாமணிக்குத் தலைவலி திரும்பி வந்தது ஐப்பசி மழைக்கு முன்பா பின்பா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர் ஒன்று சொல்கிறார், அவர் மனைவி வசந்தி வேறொன்று சொல்கிறாள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கே குழம்பிவிட்டது. அன்று அவள் சங்கரா மீன் அத்தனையும் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வீடு திரும்பினாள் என்பது மட்டும் நிச்சயம்.

பட்டினப்பாக்கத்தில் அவர்கள் வீடு. வலையைச் செப்பனிட்டுக்கொண்டே ஊர்வம்பு பேசுகிற மனிதர், கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் கிடந்தார். வசந்தி கூடையை இறக்கி வைத்தாள். முன்பு இதே தலைவலியோடுதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். எச்.ஐ.வி. அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றிருந்த நேரம் பார்த்து, மூளை உறையில் பூஞ்சை புகுந்திருந்தது. அவளையும் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. மருந்தேற்றிப் பூஞ்சை அடங்கியபின், டாக்டர் நாஸியா எச்.ஐ.வி.க்கென்று புது மாத்திரை தொடங்கினார். மனிதர் தேறி, குழம்பில் குறை சொல்லும் அளவுக்கு வந்திருந்தார்.

“இன்னாய்யா, மறுபடியுமா?”

“கத்தாதமே. நானே அவுத்துட்டேன்.”

“இன்னாத்த?”

“புது மாத்திரைய. வலையில சிக்கு வுழுந்தா கடைசியாப் போட்ட முடிச்சத்தான மொதல்ல அவுப்போம்? கடைசியா வந்தது அதான். ரெண்டு மூணு நாளாப் போடல.”

வலைக்காரர் வீட்டில் பிறந்த வசந்திக்கு அது சரியாகவே பட்டது. கூடையைக் கழுவப் போனாள். மாத்திரையை நிறுத்தியும் வலி கூடுகிறதே, முடிச்சை அவிழ்த்த பிறகும் சிக்கு ஏன் இறுகுகிறது? கூடையை அப்படியே போட்டுவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோ பிடித்தாள்.

“மாத்திரையெல்லாம் விடாம போடறீங்களா?” என்று கேட்டார் டாக்டர் நாஸியா.

“போட்டுக்கினுதான் கீறேன்” என்று சொல்லிவிட்டு, மாசிலாமணி இடுங்கிய கண்ணால் மனைவியைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அவரை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டுக்கொடுக்காவிட்டால் நாளைக்கு ஆளே இருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

“பொய் டாக்டரம்மா. நிறுத்திட்டாரு.”

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். எடுத்ததுமே தலைப்பாரம் பாதி இறங்கியது. சில நாளில் பரிசோதனை முடிவோடு டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“உயிரோட பூஞ்சை எதுவும் இல்ல. செத்ததோட மிச்சம் மட்டும் உள்ள கிடக்கு. புது மாத்திரையால எதிர்ப்புச் சக்தி இப்பதான் முழிச்சிருக்கு. முழிச்சதும் அந்த மிச்சத்தைப் போட்டு அடிக்குது. அதுல வர்ற வீக்கம்தான் இந்தத் தலைவலி.”

“அப்பிடியே இவரு மாதிரி” என்றாள் வசந்தி. “குப்பத்துல சண்டையெல்லாம் ஓஞ்சப்பறம் வந்து கைலிய மடிச்சிக் கட்டுவாரு.”

“சிரிக்க வெக்காதமே, தலை தெறிக்குது.”

“வீக்கம் அடங்க ஸ்டீராய்டு தர்றேன். பூஞ்சை மருந்து, புது மாத்திரை, ரெண்டையும் நிறுத்தவே கூடாது, நிறுத்தினா பழைய நோயே திரும்பும்” என்றார் டாக்டர்.

மாசிலாமணி புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “அப்ப இதாலதான வந்துது?” என்று முனகினார்.

“யோவ், வலை பாறையில மாட்டிக்கினா முடிச்சையா அவுப்ப?”

“அவுத்தா வலையே பூடும். கயித்தத் தளர வுட்டு, படகைச் சுத்தி வந்து அந்தாண்டயிருந்து இழுக்கணும்.”

“டாக்டரம்மா சுத்தி வராங்க. நீ முழுங்கு.”

முழுங்கினார்.

மாசிலாமணி இப்போது கடலுக்குப் போகிறார், மாத்திரையை விடுவதில்லை. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். அந்த நோயின் மிச்சமாக வலது காது சற்று மந்தம். வசந்தி திட்டும்போது அந்தக் காதைக் காட்டுகிறார். டாக்டர் நாஸியா மேற்கு மாம்பலத்தில் இப்போது சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தியிடம் மீன் வாங்க வந்து, பேரம் பேசித் தோற்றுப் போகிறார்.