கால் ஒடியட்டும்

என் வீட்டுக்காரருக்குத் தமிழ்செல்வன் என்று பேர் வைத்தவர்கள், அவரைத் தாராவியில் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும். அதனால் என்ன, என் புருஷன் கெட்டிக்காரர்தான்.

லெதர் பை தைக்கும் பட்டறையில் ஆர்டர் பிடிக்கிற வேலை அவருக்கு. இங்கிலீஷ் படங்களைத் தமிழில் பேச வைக்கும் ஒரு ஸ்டுடியோ அந்தேரியில் வசனம் எழுத ஆள் தேடியது. இவர் ஒரு காட்சியைச் சோதனைக்கு எழுதி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஸ்டுடியோவுக்காக வசனங்களைச் சரிபார்க்கும் சாதனா சென்னையிலிருந்து போன் செய்து பொறுமையாகத்தான் சொன்னாராம். படத்தில் ஒருத்தி 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்கிறாள். இவர் 'கபி கபார்' என்று எழுதியிருக்கிறார். எங்கள் சந்தில் திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது இந்தி என்று இங்கேயே பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் அர்த்தம் சொல்ல, எங்கள் வள்ளியூர்ப் பக்கம் அதை எப்படிச் சொல்வோமோ அப்படி நான் எழுதினேன். எப்போதாவது நடப்பது என்றார். அத்தி பூத்தாற்போல என்றேன். ரகசியத்தை வெளியே விடுவது என்றார். உளறிக் கொட்டுவது என்றேன். உடம்பு சுகமில்லை என்பதற்கு இங்கிலீஷ்காரர்கள் வானிலையை இழுப்பார்களாம்; நான் 'மேலுக்கு முடியல' என்று முடித்துவிட்டேன். இந்தி தெரியாதவள் என்று என்னைக் கிண்டல் செய்த காய்கறிக்காரன் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம். மகள் மேடையேறப் போகிறாள். பெற்ற தாய் 'ப்ரேக் எ லெக்' என்கிறாள். கால் ஒடியட்டுமாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடைக்குப் போவதற்குக்கூடப் போகிறேன் என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று நாடகக்காரர்களுக்குப் பயமாம். அதனால் வேண்டுமென்றே கெட்டதைச் சொல்வார்களாம். முதலில் இவர் எழுதியிருந்த 'ஆல் த பெஸ்ட்' சப்பென்று இருக்கிறது என்று சாதனா அடித்துவிட்டிருந்தார். இது தமிழில் வராது என்று இவர் லேப்டாப்பை மூடப் போனார்.

என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது. சொல்லாவிட்டால் அவர் வேலை போகும், சொன்னால் என் மானம் போகும்.

"எம் பேரு பிரேமலதா இல்லங்க," என்றேன். "அது பள்ளிக்கூடத்துல வாத்தியார் வச்சது. எனக்கு முன்ன பொறந்த பிள்ளைங்க தங்கல. அதான் என்னயக் குப்பையில போட்டு எடுத்து, குப்பம்மான்னு பேரு வச்சாங்க. எமனுக்கே வேண்டாத பிள்ளன்னு காட்டுததுக்கு."

வகுப்பே குப்பம்மா என்று சொல்லிச் சிரித்ததால்தான் வாத்தியார் பேரை மாற்றினார். புகுந்த வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன். இவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அந்தத் தாய்க்கும் அதே பயந்தான்," என்றார். "உங்க அம்மையா இருந்தா மகட்ட என்ன சொல்லுவாங்க?"

அம்மா என்னைப் பரீட்சைக்கு அனுப்புவது கண்முன் வந்தது. "நீ என்னத்தக் கிழிக்கப் போற? போய்ட்டு வா."

அதையே எழுதி அனுப்பினோம். பொழுது சாய்வதற்குள் சாதனா கூப்பிட்டார். அந்த வரியைப் படித்ததும் தன் அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். முழுப் படத்தையும் இவருக்கே கொடுத்துவிட்டார்.

ஸ்டுடியோவுக்குக் கிளம்பிய அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு நூர் நிஷா வாசலில் நின்றிருந்தாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"குப்பம்மா, போய்ட்டு வாரேன்," என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

சந்தே திரும்பி என்னைப் பார்த்தது. பார்க்கட்டும்.

"நீங்க என்னத்தக் கிழிக்கப் போறீங்க? போய்ட்டு வாங்க," என்றேன், அவரைவிடச் சத்தமாக.