கிழக்கு பார்த்த சைட்

என் ஓரகத்தி அனுப்ரியா பால்கோவா டப்பாவோடு வந்தாள் என்றால் புதிதாக ஏதோ வாங்கிவிட்டாள் என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ் வாங்கியபோது கால் கிலோ. ஸ்கூட்டி வாங்கியபோது கால் கிலோ. மகள் தாரணிக்கு இங்கிலீஷ் ஸ்கூலில் இடம் கிடைத்தபோது அரைக் கிலோ. அன்று அவள் கையில் இருந்தது ஒரு கிலோ டப்பா. மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது.

"சைட் வாங்கறோம்க்கா, வீடு கட்ட! ஹுன்சூர் ரோட்டுல. அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஆஷாட ஆஃபராம், தங்கக் காசு வேற தர்றாங்க. வர்ற வாரம் பத்திரம்."

நான் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டேன். இறங்கவில்லை.

மைசூருக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் சென்னப்பன் தேவராஜா மார்க்கெட்டில் வாழை இலைக் கடை வைத்த பிறகுதான் எங்கள் ஊர் ஹனூரிலிருந்து தம்பி சிவகுமாரை அழைத்து வந்தார். தம்பி இப்போது குண்டலுபேட்டையில் தக்காளி வாங்கி கேரளாவுக்கு லாரி லாரியாக அனுப்புகிறார். நாங்கள் இன்னும் தேவராஜ மொஹல்லாவில் வாடகை வீட்டில் இலை எண்ணிக்கொண்டிருக்கிறோம். சொந்த இடம் என்ற ஒன்றிலாவது அவளை முந்திவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்கு வழியும் வைத்திருந்தேன். விஜயநகரில், மஞ்சுநாத் என்ற ரிட்டையர்டு வாத்தியாரின் முப்பதுக்கு நாற்பது சைட். கிழக்கு பார்த்தது, முன்னால் ஒரு புங்கமரம். வக்கீல் பசவராஜ் பத்திரங்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்றார். பேங்கிலும் லோன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட வேண்டியதுதான் பாக்கி. "அதை உடனே போட்டுருங்கம்மா, வாய்ப் பேச்சை நம்பாதீங்க" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம்: "ஆடி மாசத்துல நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

சரி என்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்திரம் முடிந்ததும் இரண்டு கிலோ பால்கோவாவோடு அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் இவள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவள் விட்டுப் போன நோட்டீஸில் பெரிய ஆர்ச், நீச்சல் குளம், பூங்காவில் வாக்கிங் போகும் வெள்ளைக்காரக் குடும்பம். பார்க்கப் பார்க்க எரிந்தது. ஏதாவது ஓட்டை இருக்காதா என்று மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு பசவராஜிடம் ஓடினேன். சர்வே நம்பரைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார், தலையை ஆட்டினார்.

"பேடம்மா, பேடா. வேண்டவே வேண்டாம். இது இன்னும் விவசாய நிலம். வீட்டு நிலமா மாத்தவே இல்லை. லேஅவுட்டுக்கு அப்ரூவலும் கிடையாது. பத்திரம்னு எதையாவது எழுதிக் கொடுப்பாங்க. ஆனா வாங்கினவங்க பேர்ல காத்தா, அதாவது சொத்து வரிக் கணக்குப் பதிவு, வராது. காத்தா இல்லேன்னா வீடு கட்ட பிளான் கிடைக்காது, நாளைக்கு விக்கவும் முடியாது. இந்த இடத்துக்கு எந்த பேங்காவது லோன் தருதான்னு கேக்கச் சொல்லுங்க, புரியும்."

படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் வேறு கிடைத்தது. மாட்டினாயா மகளே என்று மனசுக்குள் ஒரு கச்சேரியே நடந்தது.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் சுருதி இறங்கியது. சிவகுமார் கொடுக்கப்போவது ஹனூரில் தன் பங்கு நிலத்தை விற்ற பணம். அது போனால் தாரணிக்கு என்று எதுவும் மிஞ்சாது. அனுப்ரியா என்னைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். தெருவில் நிற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எரிச்சல் வேறு, பாவம் வேறு.

சாயங்காலமே போய், வக்கீல் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"ஏன்க்கா, பொறுக்கலையா?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன் அனு."

"ஃப்ரிட்ஜ் வாங்குனப்ப கரண்டு பில்லு ஏறும்னீங்க. ஸ்கூட்டி வாங்குனப்ப கீழ விழுவேன்னீங்க. தாரணி ஸ்கூல்ல சேந்தப்ப, அந்த ஸ்கூல்ல பாடமே நடத்த மாட்டாங்கன்னீங்க. இப்ப சைட்டுக்குக் காத்தா வராதா? உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதாக்கா?"

அவள் சொன்ன மூன்றும் நான் சொன்னவைதான். அதனால்தான் கோபம் உச்சிக்கு ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு நல்லது சொல்ல வந்தால் இப்படி ஒரு மரியாதையா?

"எனக்கு எதுக்குடி உன்மேல வயித்தெரிச்சல்? நாங்களே விஜயநகர்ல வாங்கறோம்! கவர்மென்ட் அதாரிட்டி சைட்டு, கிழக்குப் பாத்தது. காத்தா, வரி ரசீது எல்லாம் பக்கா. பேங்க்காரனே லோன் தர்றேன்னுட்டான். மஞ்சுநாத் மாஸ்டர் சைட்டுன்னு அங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. வாசல்ல புங்கமரம் நிக்கும்!"

அவள் முகம் சப்பென்று ஆனது. அதைப் பார்க்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கிழக்கு வாசலாக்கா? அட்வான்ஸ் குடுத்தாச்சா?"

"ஆவணி பொறந்ததும்" என்று சொல்லிவிட்டு ராணி மாதிரி படி இறங்கினேன்.

ஆவணி பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே மஞ்சுநாத் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. ரொம்ப வருத்தமாகத்தான் பேசினார். முழுப் பணமும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பார்ட்டி வந்ததாம். மகள் ஊருக்குக் குடிபோக அவருக்கும் அவசரமாம். அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது.

"ஆடி முடியட்டும்னுதானே சார் சொன்னோம்?"

"நமக்கு ஆஷாடம் அமாவாசையோட முடிஞ்சதம்மா. ஷ்ராவணம் வந்தாச்சே" என்றார்.

கன்னடக்காரர்கள் பஞ்சாங்கத்தில் கெட்ட மாதம் எங்களுடையதற்கு முன்பே முடிந்துவிடும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. பார்ட்டி யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "உங்க ஊர்க்காரங்கதாம்மா. தக்காளி வியாபாரம்."

அன்று நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்றார். "உங்க ஆடிதாங்க என்னைக் கெடுத்துச்சு" என்று கத்தினேன். இரண்டும் உண்மைதான்.

பூமி பூஜைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. மூத்த மருமகள் வரவில்லை என்றால் ஊர் வேறு மாதிரி பேசும். போனேன். புங்கமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஹுன்சூர் ரோட்டு லேஅவுட்டில் பணம் கட்டியவர்கள் காத்தா கிடைக்காமல் அலைகிறார்கள் என்று சிவகுமார் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அட்வான்ஸ்ல பாதி போனாலும் போகுதுன்னு விலகிட்டோம். எல்லாம் அனுவோட யோசனை" என்றார். அனு புதுப் புடவையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் பால்கோவாத் தட்டு.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. எரியுதா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "எரியுது" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் அன்னைக்கு அப்படித்தான்க்கா எரிஞ்சுது. காத்தா அது இதுன்னு நீங்க சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறல. விஜயநகர்ல உங்களுக்கு ஒரு எடம்னதும் என்னால தாங்க முடியல. மறுநாளே அவரை இழுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்."

ஆக, நான் சொன்ன நல்லது அவளைக் காப்பாற்றவில்லை. என் பீற்றல்தான் காப்பாற்றியிருக்கிறது. சிரிப்பதா அவளை அறைவதா என்று தெரியாமல் ஒரு துண்டு பால்கோவாவை எடுத்து வாயில் போட்டேன். இந்தத் தடவை இறங்கியது.

இன்ஜினியர் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மரத்தை ஒட்டிய மூலையில் சமையலறை, ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. அனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நாலு தடவை வந்து பாத்த எடம்னு மாஸ்டர் சொன்னாரு. ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்கக்கா."

எனக்குத் தெரியும். அந்த ஜன்னலை மரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். காலையில் அடுப்படியில் நின்றால் இலைக்குள் புகுந்து வெயில் வரும். அங்கே நின்று டீ குடிப்பதாக நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்!

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.