முப்பத்தொரு முகங்கள்

கம்பியூட்டரை அரிசிச் சாக்குக்குள் இறக்கி, வாயைக் கயிற்றால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டே வந்தார் பிலிப்பு. வாகரைக்கு வடக்கேயுள்ள ஊரிலிருந்து ஓட்டமாவடி வரை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். காலடியில் இடம் இருந்தும் சாக்கை அவர் கீழே வைக்கவில்லை.

"இறக்கி வையுங்க அண்ணன், கால் விறைச்சிப் போகும்," என்றாள் பக்கத்தில் இருந்த சர்மிலா.

"குலுங்கும்," என்றார்.

அந்தப் பெட்டிக்குள் அவருடைய மகள் ஜெனிற்றாவின் முகம் இருந்தது. நேற்று முன்தினம் வரை இருந்தது என்று சொல்வதே சரி.

சர்மிலா ஊர்க் கோயில் அலுவலகத்தில் வேலை செய்பவள். ஞானஸ்நானப் பத்திரம் எழுதுவதும் பூசை அறிவித்தல் அடிப்பதும் அவள் பொறுப்பு. சுனாமியில் அந்த ஊரில் செத்தவர்களில் முப்பத்தொரு பேரின் உடல் கிடைக்கவில்லை. கார்த்திகை இரண்டாம் திகதி மரித்தோர் நாளில் மற்றவர்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, இந்த வீட்டுக்காரர்கள் எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் திரியோடு நிற்பார்கள். பதினைந்தாவது வருடமாவது அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று பாதர் அந்தக் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். வெறும் குழிக்கு மேல் கல்லை நடுவதா என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் படத்தை அடக்கம் செய்வது என்ற யோசனை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இருந்த படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, செபம் சொல்லி, மண் போட்டு மூடி, மேலே கல் வைத்தார்கள். பதினைந்து வருடம் அழாதவர்கள்கூட அன்று அழுதார்கள்.

பிலிப்பின் மனைவி றீற்றா மட்டும் படத்தைக் கொடுக்கவில்லை. ஜெனிற்றா பாலர் பாடசாலைக் கலைவிழாவில் கடதாசித் தொப்பியோடு நிற்கும் படம். வயது நாலு. வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். "தாளைப் புதைக்கிறதா? விசரா உங்களுக்கு?" என்று கேட்டார். சர்மிலாதான் போய் முற்றத்தில் இருந்து பேசினாள். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்பியூட்டரில போட்டுட்டுத்தான் புதைப்பம் அக்கா. எத்தினை தரம் வேணுமெண்டாலும் எடுத்துத் தருவன். சுனாமி நாளுக்கு முன்னம் உங்களுக்குப் பெரிசாப் போட்டு, கண்ணாடி அடிச்சித் தாறது என்ர பொறுப்பு."

றீற்றா படத்தைக் கொடுத்தார். சுவரில் புது ஆணியும் அடித்து வைத்தார்.

மார்கழி இருபத்தாறாம் திகதி, அந்தச் சுனாமி நாளிலேயே, சூரிய கிரகணம் என்று பாதர் பூசையில் சொல்லியிருந்தார். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று காட்ட, இருபத்து நாலாம் திகதி பின்னேரம் சர்மிலா பேஸ்புக்கில் தேடினாள். கிரகணம் உங்கள் ஊரில் எப்படித் தெரியும் என்று காட்டும் புறோகிராம் ஒன்று இலவசமாகக் கிடந்தது. இறக்கினாள். சூரியன் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கோப்புகளின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. மூன்று நாளுக்குள் டொலரில் காசு கட்டாவிட்டால் எதுவும் திரும்பாது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் திரையில் நின்றது.

நத்தார் பூசைக்கு அவள் பாடற்குழுவில் நின்றும் வாய் திறக்கவில்லை. பூசை முடிய, பிலிப்பைப் பூவரச மரத்தடிக்குக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். அவர் பூவரசம் இலை ஒன்றைப் பறித்துச் சுருட்டினார். பிறகு, "றீற்றாட்டச் சொல்லாத. படம் பிரிண்ட் எடுக்கப் போறம் எண்டு நான் சொல்லுறன்," என்றார்.

கோயிலுக்கு அந்தக் கம்பியூட்டரை விற்றது ஓட்டமாவடியில் கடை வைத்திருக்கும் அம்ஜத். தொலைபேசியில் கேட்டதும், "மெசின ஓப் பண்ணுங்க தங்கச்சி. ஒண்டையும் தொடாதீங்க. நாளைக்குக் காலையிலயே வாங்க," என்றிருந்தார்.

இப்போது கடை வாசலில் சாக்கை வாங்கிக்கொண்டு அம்ஜத் உள்ளே போனார். சர்மிலாவும் போனாள். பிலிப்பு தெருவிலேயே நின்றார். சித்திரையில், உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு அவர் இந்த முஸ்லிம் ஊரில் கால் வைத்ததில்லை. முன்பு கிழமைக்கு இரண்டு தரம் கருவாடு கொண்டு வந்தவர்.

"அண்ணன், ஏன் வெயிலுக்க நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"இண்டைக்கு எங்கால வெயில் தம்பி? சூரியனே அரைவாசிதானாமே."

"அரைச் சூரியனும் தலையச் சுடும். வாங்க அண்ணன்."

பிலிப்பு வந்தார். கதவோரத்து ஸ்டூலின் நுனியில் இருந்தார்.

அம்ஜத் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து வேறொரு மெசினில் பொருத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தங்கச்சி, வேற எங்கயும் கொப்பி இரிக்கா?"

"பென் ட்ரைவில போட்டன் காக்கா. ஆனா..."

"பென்ன மெசினில குத்தியே வெச்சிருந்தீங்க."

அவள் தலையசைத்தாள்.

"அப்ப அதுவும் போயிட்டு." அவர் பிலிப்பின் பக்கம் திரும்பினார். "அண்ணன், மறைக்காமச் சொல்றன். இது பூட்டு. தொறப்பு அவனுகள்ட்ட இரிக்கி. எங்க இரிக்கானுகள், யாரு, ஒண்டும் தெரியா. காசு குடுத்தாலும் தொறப்பானுகள் எண்டதுக்கு சாட்சி இல்ல. உடைக்க என்னால ஏலா. என்னால மட்டுமில்ல, ஒருத்தனாலயும் ஏலா. ஏன், அந்தப் படங்களத் தோண்டி எடுக்க ஏலாதா?"

"துணியில சுத்தி மண்ணில வைச்சது தம்பி. இந்த மாரியில அந்த மூலையில மூணு நாள் வெள்ளம் நிண்டது." பிலிப்பு தன் கையைப் பார்த்தபடி சொன்னார். "பெட்டியில வைப்பமெண்டு மேசன் கேட்டான். நான்தான் வேணாமெண்டன். பிரேதத்த மாதிரி மண்ணோட மண்ணாக் கிடக்கட்டும் எண்டன்."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கிரகணத் தொழுகைக்கான அறிவித்தல் கேட்டது. அம்ஜத் எழும்பவில்லை. நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒரு வழி இரிக்கி. முழுசா வராது. நீங்க போல்டரத் தொறந்து படங்களப் பாத்தா, மெசின் ஒவ்வொண்டையும் சின்னனாச் செஞ்சி ஒரு மூலையில போட்டு வெச்சிக்கும். கள்ளன் வீடு முழுக்கப் பூட்டினாலும் சில நேரம் அந்த மூலையக் காணமாட்டான். தேடிப் பாக்கிறன். வந்தா தபால்தலை அளவுதான், எல்லாம் வருமெண்டும் இல்ல."

"தபால்தலை காணும் தம்பி," என்றார் பிலிப்பு. "முகம் தெரிஞ்சாக் காணும்."

அம்ஜத் ஏதோ ஒன்றை ஓட விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தார். "ஒரு மணித்தியாலம் செல்லும். அது தன்ட பாட்டுல ஓடும். நான் தொழுதிட்டு வாறன். ஆரும் வந்தா இரிக்கச் சொல்லுங்க. மேசை லாச்சி பூட்டுப்படாது, கொஞ்சம் பாத்துக்கங்க."

கடையை அவர்களிடம் விட்டுவிட்டு அவர் போய்விட்டார். பிலிப்பு லாச்சியையும் திறந்து கிடந்த வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் மேசைக்குப் பக்கத்தில் காவல்காரன் மாதிரி இருந்தார். சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருக்கிற காலத்தில் ஒருவன் தன் கடையைத் திறந்து விட்டுப் போவது பெரிய காரியம் அல்ல என்று சிலர் சொல்லலாம். சர்மிலா அப்படி நினைக்கவில்லை.

தெரு வெறுமையானது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மழை இருட்டும் அந்தி இருட்டும் இப்படி இராது. சாம்பல் கரைத்து ஊற்றியது போல இருந்தது. கடையின் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் நிறைய. அவற்றால் விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் சீமெந்துத் தரையில் பிறைகளாக மாறியிருந்தன. நூற்றுக்கணக்கில், ஒரே பக்கம் வளைந்த பிறைகள்.

"என்ன கா இது, ஆரோ நகம் வெட்டிப் போட்ட மாதிரி," என்றார் பிலிப்பு, காலைத் தூக்கியபடி.

"அது சூரியன் அண்ணன். கண்ணால பாக்கக் கூடாது. இப்பிடிப் பாக்கலாம்."

அவர் குனிந்து தன் உள்ளங்கையை நீட்டினார். கையில் ஒரு பிறை விழுந்தது. "அண்டைக்கு நல்ல வெயில்," என்றார். "இதே நேரம். ஒரு முகில் இல்ல."

ஒன்பது இருபத்தைந்துக்குச் சுனாமியில் செத்தவர்களுக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். பிலிப்பு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். சர்மிலாவும் நின்றாள். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அம்ஜத்தின் மனைவி றிஸ்லா பிளேன்ரீத் தட்டோடு திரைச்சீலையை விலக்கினாள். இருவரும் நிற்பதைக் கண்டதும் தட்டை மெதுவாக வைத்துவிட்டு, காற்றாடியை நிறுத்தி, அவளும் தலைகுனிந்து நின்றாள். தரையில் பிறைகள் மெலிந்துகொண்டு போயின.

முடிந்ததும் அவள் சொன்னாள்: "எங்கட சாச்சியும் ரெண்டு புள்ளயளும் அண்டைக்குத்தான். மருதமுனையில."

"படம் கிடக்கா மகள்?" என்று பிலிப்பு கேட்டார்.

"நாங்க படம் மாட்டி வெக்கிறல்ல. பேரு இரிக்கி. பேரு சொல்லித்தான் துஆக் கேக்கிற." கோப்பையை அவரிடம் நீட்டினாள். "சீனி காணுமா எண்டு பாருங்க."

அம்ஜத் திரும்பி வந்தபோது வெயில் பழையபடி ஏறிக்கொண்டிருந்தது. திரையில் சின்னச் சின்னப் படங்கள் வந்திருந்தன. சர்மிலா ஒவ்வொன்றாக எண்ணினாள். கல்யாணக் கோலத்தில் ஒருத்தி. அடையாள அட்டைக் கிழவர். தோணியில் நிற்கும் ஒரு பொடியன். பத்தொன்பது. திரும்ப மேலே போனாள். மறுபடி இறங்கினாள். பத்தொன்பதுதான்.

கடதாசித் தொப்பி இல்லை.

"எல்லாம் ஒரே போல்டரா தங்கச்சி?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. றீற்றாவின் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்பதால் அதைத் தனியாக, ஆகக் கூடிய தெளிவில் ஸ்கேன் பண்ணியிருந்தாள். வேறு போல்டரில், 'கவனம்' என்று பெயர் போட்டு வைத்தாள். பழுதாகிவிடுமோ என்று பயந்து அதன்பின் ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. அவள் பார்க்காததால் மெசினும் அதைச் சின்னனாக்கி வைக்கவில்லை. கவனமாக வைத்ததுதான் முழுதாகப் போயிற்று.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

கொஞ்சம் கழித்து அம்ஜத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணன், எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இரிக்கார். அடையாளம் சொன்னாக் கீறுவார். போட்டோ மாதிரியே இரிக்கும்."

பிலிப்பு நெடுநேரம் திரையைப் பார்த்தார். "வேணாம் தம்பி. வேற புள்ளையக் கொண்டு போய் இதுதான் உன்ர புள்ள எண்டு காட்ட ஏலா." பிறகு சர்மிலாவிடம், "கம்பியூட்டர் இன்னும் திருத்தி முடியேல்ல எண்டு சொல்லுவம். தை மாசம் பாப்பம். மறுகா அப்பிடியே..." என்றார்.

"இல்ல அண்ணன். நான் சொல்லுறன்."

அம்ஜத் பத்தொன்பது படங்களையும் பளபளப்பான தாளில் எடுத்து ஒரு உறையில் போட்டார். கடையை இழுத்து மூடிவிட்டு ஓட்டோவை எடுத்தார். பஸ்ஸில் போகலாம் என்று பிலிப்பு சொன்னதைக் கேட்கவில்லை. வழியெல்லாம் சர்மிலா கிடைக்காத பன்னிரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதினாள். ஓட்டோ குலுங்கியதில் எழுத்து கோணியது.

றீற்றா வாசலில் இருந்தார். கூந்தல் வாரி, நல்ல சேலை கட்டியிருந்தார். மூன்று பேரின் கையையும் பார்த்தார். அம்ஜத் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட, "உள்ள வா தம்பி," என்று பிலிப்பு சத்தமாகக் கூப்பிட்டார்.

சர்மிலா நின்றபடியே சொன்னாள். புறோகிராம் இறக்கியது, பூட்டு, 'கவனம்' என்ற போல்டர், எதையும் விடவில்லை.

"நான் தாளைப் புதைக்க வேணாமெண்டன்," என்றார் றீற்றா.

"ஓம் அக்கா."

"நீதான் சொன்னாய்."

"ஓம் அக்கா. நான்தான்."

"அது வைரஸ் றீற்றா, அந்தப் புள்ளைக்கு என்ன தெரி..."

"நீங்க வாய மூடுங்க." றீற்றா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "இடக் கன்னத்தில குழி விழும்," என்றார்.

"வலக் கன்னம்," என்றார் பிலிப்பு.

"இடக் கன்னம். நான் பெத்தவள்."

"தொப்பிப் படத்தில வலப் பக்கம்தானே..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதைத் தீர்த்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. றீற்றா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். சர்மிலா கிட்டப் போகவில்லை. போவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். கையில் இருந்த தாள் வியர்வையில் நனைந்தது.

அழுகை அடங்கிய பிறகு றீற்றாவின் கண் அந்தத் தாளில் விழுந்தது. "அதென்ன?"

"மத்தப் பேர்கள் அக்கா. இன்னும் பதினொரு வீடு. நாலு மணிச் செபத்துக்கு முன்னம் சொல்லவேணும்."

"ஆர் போறது?"

"நான்தான்."

"தனியவா?"

றீற்றா தாளை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார். எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முதல் ஜெசிந்தா வீடு. அவளுக்கு நெஞ்சு வருத்தம். நீ வாசலில நிண்டு படாரெண்டு சொல்லிப் போடுவாய். நான் சொல்லுறன். நீ பக்கத்தில நில்லு."

"அக்கா..."

"உன்னில எனக்குக் கோபம் போகேல்ல."

"தெரியும் அக்கா."

"போகுமோ எண்டும் தெரியா. நட."

மணல் ஒழுங்கையில் இருவரும் போனார்கள். முன்னால் றீற்றா, ஓர் எட்டுப் பின்னால் சர்மிலா. மூன்றாவது வேலியில் றீற்றா நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு படலையில் கை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்:

"ஜெசிந்தா, நாயக் கட்டு. நாங்க ரெண்டு பேர் வாறம்."