தாழ்த்திய வண்டி

சவப்பெட்டி வைப்பதற்காகச் சர்ச்சிலிருந்து கொண்டுவந்த பெஞ்சை இரண்டு பேர் ஹாலில் தரையோடு இழுத்தார்கள். அந்தச் சத்தத்தில் ஷெமிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வெள்ளிக்கிழமை கிள்ளிப்பாலத்தில் வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது பைக்கின் அடியிலிருந்து இதே சத்தம்தான் வந்தது. "உனக்காகக் குனிஞ்சு குடுத்த வண்டியாக்கும், முனகத்தான் செய்யும்" என்று அவள் கணவன் ஜினு சிரித்தான். நேற்று பொன்முடி ஏறும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் அவன் விழுந்தான். இப்போது மெடிக்கல் காலேஜிலிருந்து அவன் உடல் வர வேண்டும்.

கொழுந்தன் விபின் காலையிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஷெமியை அடுக்களைக்குப் பின்னால் கூப்பிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினான். சென்டர் ஸ்டாண்டின் நுனி தேய்ந்து பளபளத்தது.

"மயினி, வளைவுல சாய்ச்சப்ப ஸ்டாண்டு ரோட்டுல குத்தி, பின் வீலு தூக்கிட்டு. அண்ணன் வண்டிய உயத்தாமலா போனான்?"

ஷெமி குள்ளம். அந்த வண்டியில் உட்கார்ந்தால் பெருவிரல்தான் தரையைத் தொடும். லேப் டூட்டிக்கு அவளே ஓட்டிப் போகட்டும் என்று ஜினு முன்னும் பின்னும் சஸ்பென்ஷனைத் தாழ்த்திக் கொடுத்தான். மலைக்குப் போகிற வாரங்களில் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பழையபடி உயர்த்துவான். திரும்பி வந்ததும் மறுபடி தாழ்த்துவான். தாழ்ந்த வண்டியை வளைவில் ரொம்பச் சாய்த்தால் அடியில் இடிக்கும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். இந்தச் சனிக்கிழமை ஸ்பானரும் கையுமாக இருந்தவனிடம் அவள்தான் சொன்னாள். "திங்கக்கிழம எனக்குக் காலத்த டூட்டி. ஒரு நாளைக்கு வேண்டி எதுக்கு இந்தப் பாடு? அப்படியே இருக்கட்டு." அவனும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

இன்றுதான் திங்கட்கிழமை.

"யாருட்டயும் சொல்லாண்டாம் மயினி. அம்மை தாங்கமாட்டா" என்றான் விபின்.

ஹாலில் போதகர் ஜெபம் பண்ணினார். "வேகத்தின் மோகத்தால் எங்கள் வாலிபப் பிள்ளைகளை இழக்கிறோம், ஆண்டவரே." நல்ல மனுஷர்தான். சாவு வீட்டில் எதைச் சொல்லக் கூடாதோ அதைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிடுவார். மாமியார் செல்லபாயின் தலை மடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தது. "ஓவர் ஸ்பீடாக்கும்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இனி அந்தத் தாய் காலம் முழுக்க இந்தப் பேரைச் சுமக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் ஷெமிக்கு இந்த வீட்டில் இடம் உண்டு. திறந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமி, அவிய ஸ்பீடா போகல்ல. வண்டி எனக்காகத் தாழ்ந்து கெடந்துது. உயத்தத்தான் போனாவ. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்."

செல்லபாய் அவளைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"தாழ்ந்த வண்டிய சாய்க்கப்பிடாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமி. எனக்கே அவியதான் சொல்லித் தந்தாவ."

"தெரிஞ்சிட்டுத்தான் போனானா?"

"ம்."

"அப்பம் மெதுவாத்தான் போயிருப்பான்."

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் செல்லபாய் அதையே சொன்னாள். "எம்பிள்ள மெதுவாக்கும் போனான்." கேட்டவர்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள். ஷெமியின் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. மாமியாரின் கையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஷெமி சுவரோரம் ஒதுங்கினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெட்டியை இறக்கி வைத்ததும் பெண்கள் நெருக்கியடித்தார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டு, செல்லபாயை அதில் உட்காரச் சொன்னார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ஷெமியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கால்மாட்டுக்குப் போய், மகனின் காலில் பாதி கழன்று கிடந்த வெள்ளைச் சாக்ஸை மேலே இழுத்துவிட்டாள்.